அழுக்குக்கூடை அங்கிள்

எனக்கு ஓவியங்களை ரசிக்கத் தெரியாது. ரசிப்பதுபோல நடிக்கத் தெரியும். அந்த நடிப்பு என் கல்யாணத்தையே குழப்பப் பார்த்தது.

குகனும் நானும் இரண்டு வருடம் பழகிய பிறகு, ஒருவழியாக அவனுடைய பெற்றோர் நானும் அம்மாவும் இருந்த வோபர்ன் அப்பார்ட்மெண்டுக்கு வந்து என்னைப் பார்க்கச் சம்மதித்தார்கள். அவனுடைய அப்பா ஊரில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். அவர் ஓமென்றால் எல்லாம் சரி என்று குகன் சொல்லியிருந்தான். ஆகவே சுவரில் கலையை மாட்டி அவரை மடக்குவது என்று முடிவெடுத்தேன்.

அஜக்ஸில் பழைய சாமான் விற்ற ஒரு கராஜ் சேலில் விக்டோரியா காலத்து வண்ணச் சித்திரங்கள் நாலு அகப்பட்டன. பழைய ஆங்கில நாடகக் காட்சிகளைக் கேலியாக வரைந்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் கதைச் சுருக்கம் ஒட்டியிருந்தது. நாலையும் பாடமாக்கினேன். (பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை.)

அவற்றில் பெரியதைச் சோபாவுக்கு நேர் மேலே மாட்டினேன். வெள்ளைத் தாடியும் பெருவயிறுமாக ஒரு கிழவர், சிவப்புக் கோட்டோடு அழுக்குத்துணிக் கூடைக்குள் மடங்கிக் கிடப்பார். இரண்டு பெண்கள் அவர் தலைமேல் காலிலிருந்து கழற்றிய கால்மேசுகளைத் திணித்துக்கொண்டிருப்பார்கள்.

குகனின் அப்பாவை நான் அதுவரை நேரில் கண்டதில்லை. கதவைத் திறந்தேன். வெள்ளைத் தாடி. பெருவயிறு. கோட்டும் சிவப்பு. (கடவுளுக்கு என்மேல் என்ன கோபமோ.) வந்தவர் நேரே போய் அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்தார்.

ரோல்ஸ் தட்டோடு வந்த என் அம்மா பாதி வழியில் நின்றுவிட்டார். எதிரே இருந்த அன்ரி, குகனின் அம்மா, படத்தைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். அங்கிளும் திரும்பிப் பார்த்தார்.

"உது என்ன படம், பிள்ளை?"

புத்தியுள்ளவள் என்றால் தெரியாது என்றிருப்பாள். நான் பாடமாக்கியதை ஒப்பித்தேன். அயல்வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கும் ஒரே காதல் கடிதத்தை அனுப்பிய கிழவர் ஒருவர் அகப்பட்டுக்கொண்ட கதை என்றேன்.

"கலியாணம் கட்டின பொம்பிளையளுக்கோ?" என்று அன்ரி கேட்டார்.

"ஓம், அன்ரி."

"இவரும் ஒவ்வொரு நாளும் காலமை கோயில் குறூப்பில இருக்கிற பொம்பிளையளுக்கெல்லாம் ரோசாப்பூப் படம் அனுப்புறவர். என்ர போனுக்கு இன்னும் ஒண்டும் வரேல்லை." அன்ரி குரலை உயர்த்தவே இல்லை. "பிறகு அந்தாளை என்ன செய்தவை?"

"கூடையோட தூக்கி ஆத்துக்கை போட்டவை."

அன்ரி சிரிக்கத் தொடங்கினார். அம்மாவாலும் அடக்க முடியவில்லை. அங்கிள் குனிந்த தலை நிமிராமல் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டு முடித்துவிட்டு, காருக்குப் போவோம் என்றார். குகன் என் முகத்தைப் பார்க்காமலே சப்பாத்துப் போட்டான்.

நாலு நாள் ஒரு செய்தியும் இல்லை. அந்த நாலு நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் அங்கிளே போன் எடுத்தார்.

"எனக்கு இதில விருப்பமில்லை, பிள்ளை. ஆனா அன்ரி சொல்லிப்போட்டா, நீ இல்லாட்டி வேற மருமகள் வேண்டாமாம்."

அப்படி மாமியான அன்ரி என்னிடம் கேட்ட ஒரே சீதனம் அந்தப் படம். இப்போது றிச்மண்ட் ஹில்லில் அவர்கள் வீட்டு வோஷிங் மெஷினுக்கு மேலே தொங்குகிறது. அன்றிலிருந்து வீட்டு உடுப்பெல்லாம் தோய்ப்பது மாமாதான். யாராவது போன் எடுத்து அவரைக் கேட்டால், மாமி நிதானமாகச் சொல்வார்:

"அவர் கூடைக்குள்ளை. பிறகு எடுங்கோ."