முறுக்கு டப்பாவுக்கு மோட்டார் வைத்தவன்

நான் யோக்கியன் என்பது நூற்றைம்பது பேர் முன்னிலையில், பட்டப்பகலில் நிரூபிக்கப்பட்ட விஷயம். எங்கள் ஊரான கிள்ளானில் இந்தப் பெருமை வேறு யாருக்காவது உண்டா, தெரியவில்லை. ஆனால் நிரூபணத்துக்கு முந்தைய கால் மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

மேரு சாலையிலுள்ள எங்கள் அடுக்குமாடியில், தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு மண்டபத்தில் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு. பிரியாணியைவிட முக்கியம், கடைசியில் நடக்கும் அதிர்ஷ்டக் குலுக்கல். வழக்கமாகச் சீட்டுகளை வாளியில் போட்டுக் கிளறுவார்கள். மூன்று வருடங்களுக்கு முன் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "இந்தக் காலத்துலயும் வாளியா?" என்றேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை.) தலைவர் சிவபாலன், வார்த்தை விரயம் பிடிக்காத ஓய்வுபெற்ற அதிகாரி, "அப்ப நீங்களே செய்யுங்கோ" என்றார்.

பினாங்கில் படிக்கும் மகள் விட்டுப்போன விளையாட்டுக் கட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள். அவற்றிலேயே பல்சக்கரம், அச்சு எல்லாம் உண்டு. புடு வட்டாரத்தில் ஒரு கடையில் மஞ்சள் நிறக் குட்டி மோட்டார் வாங்கினேன். "சிக்ஸ் வோல்ட் ஒன்லி, அங்கிள்" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மோட்டாரின் தண்டு தட்டை, கட்டையின் அச்சோ கூட்டல் குறி வடிவம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. பேனாக் குழாயை வெட்டி, சூடு காட்டி, ஒரு முனையில் தண்டையும் மறுமுனையில் அச்சையும் செருகி, செருப்பு ஒட்டும் மஞ்சள் பசையை ஊற்றிச் சம்பந்தம் பேசி முடித்தேன். சீட்டுகளுக்குச் சிவப்பு மூடி போட்ட பெரிய முறுக்கு டப்பா. அதில் ஜன்னல் வெட்டி, கட்டைகளால் கதவு வைத்து, அதற்கும் பசை பூசினேன். கதவின் கீல் மட்டும் கழன்றுகொண்டே இருந்தது. கண்ணாடி மேசை மேல் கிடந்த ஒரு குட்டித் திருகைச் செருகினேன். கச்சிதம். (அந்தக் கண்ணாடியிலேயே என்னைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துக்கொண்டேன்.) ஆறு வோல்ட்டில் டப்பா சோம்பேறித்தனமாகச் சுற்றியது. பன்னிரண்டு கொடுத்தேன்.

ஞாயிறு காலை, பெயர் எழுதிய எங்கள் வீட்டுச் சீட்டுகள் நான்கை மட்டும் போட்டு ஒத்திகை பார்த்தேன். எப்படியும் போடத்தானே போகிறோம் என்று அவற்றை உள்ளேயே விட்டுவிட்டேன். கதவின் விளிம்பில் பசை காயவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

மதியம் டப்பா சுற்றிய வேகத்துக்கு மண்டபமே கைதட்டியது. நிறுத்தினேன். சிவபாலன் கையை விட்டு, கைக்குத் தட்டுப்பட்ட சீட்டை எடுத்தார். மூன்றாம் பரிசு, ரைஸ் குக்கர்: என் மனைவி கலா. மறுபடி சுற்றினேன். இரண்டாம் பரிசு, மின்விசிறி: என் மாமியார். இந்தமுறை கைதட்டியது மாமியார் மட்டும். முதல் பரிசு, தொலைக்காட்சி. சிவபாலன் சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். என் பெயர்.

"மிஸ்டர் மணியம், வெரி லக்கி லா," என்றார் நாலாம் மாடி அங்கிள் லிம். அவர் சிரிக்கவில்லை.

பதினெட்டு வருடமாக எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் லெட்சுமி அக்கா எழுந்தார். "இன்னொரு வாட்டி சுத்துங்க தம்பி. நாங்களும் கிட்டக்க நின்னு பாக்குறோம்."

'தம்பி' என்ற சொல் அவ்வளவு குளிரும் என்று அன்றுதான் அறிந்தேன். நாளைக்கு லிஃப்டில் யார் முகத்தைப் பார்ப்பது? பதினெட்டு வருட நல்ல பெயர் முறுக்கு டப்பாவுக்குள் கிடந்தது.

சுவிட்சைப் போட்டேன். பேனாக் குழாய் வழுக்கியது. மோட்டார் கத்தியது, டப்பா அசையவில்லை. கையால் ஒரு தள்ளு தள்ளினேன். சட்டென்று பிடித்துக்கொண்டு எகிறிய டப்பா, சீட்டுகளைப் பிரியாணிக்கு ஊற்றும் தால்ச்சாக் குழம்பில் தூவி, கட்டைகளை நாலாபுறமும் வீசி, அக்காவின் காலடியில் போய் நின்றது. அவர் எடுத்துப் பார்த்தார். கதவின் உள்விளிம்பில் இன்னொரு சீட்டு. இழுத்தார், பசை நூலாக நீண்டு வந்தது. என் மகளின் பெயர்.

"குடும்பமே கதவுகிட்டதான் குடியிருக்குது போல."

"பசை காயல அக்கா," என்றேன். எனக்கே அது பொய் போலத்தான் கேட்டது.

அப்போது கலா டப்பாவை வாங்கிக் கதவைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இது என் தோட்டுத் திருகாணி."

டப்பாவை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ரெண்டு நாளா வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடுறேன். குப்பைய எல்லாம் கிளறினேன். நீங்களும்தானே கூடக் குனிஞ்சு கட்டிலுக்கு அடியில தேடுனீங்க? எங்கம்மா போட்ட தங்கம், முறுக்கு டப்பாவுக்குத் தாப்பாளா?"

அடுத்து அவள் சொன்னவற்றில் என் படிப்பு, என் பரம்பரை, போன வருடம் நான் பழுதுபார்த்த தண்ணீர்க் குழாய் என எதுவும் விடுபடவில்லை. (மைக் வேறு பக்கத்திலேயே இருந்தது.) மாமியார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் குனிந்து நின்றேன். நிமிர்ந்தபோது கூட்டத்தின் முகம் மாறியிருந்தது. அப்படி ஒரு திட்டை யாராலும் நடிக்க முடியாது.

லெட்சுமி அக்காதான் முதலில் சிரித்தார். "விடு கலா. நான்தான் தப்பா நினைச்சிட்டேன். சீட்டிங் பண்றதுக்குக் கொஞ்சமாச்சும் மூளை வேணும் லா."

யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அங்கிள் லிம் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். முட்டாள் என்று தீர்ப்பாகி விடுதலையானேன். அவ்வளவு நிம்மதியாக நான் மூச்சுவிட்டதே இல்லை. பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தோம். தால்ச்சாவில் விழுந்த சீட்டுகளுக்குப் பதில் புதிது எழுதி, வாளியிலேயே குலுக்கினார்கள். எங்களுக்கு ஒன்றும் விழவில்லை.

அன்றுமுதல் எங்கள் சங்கத் தேர்தலில் ஓட்டு எண்ணுவது நான்தான். இந்த வருடம் புதிதாகக் குடிவந்த ஒருவர், "ஒருத்தரே எண்ணினா எப்படி?" என்று எழுந்தார்.

"அவருக்கு ஏமாத்த வராது பாஸ்," என்றார் லெட்சுமி அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "சந்தேகம்னா அவர் வீட்டம்மாவக் கேளுங்க."

கலா, தோடு போட்ட காதைத் தொட்டுக் காட்டினாள். மண்டபம் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, முதல் ஓட்டைப் பிரித்தேன்.