புறங்கை அண்ணே பாஸ் போட்ட கேமரா

பினாங்கு ஜார்ஜ் டவுனில் மின்சாரம் நுழைந்த வீடுகளுக்குள் எல்லாம் புறங்கை அண்ணேயும் நுழைந்திருக்கிறார். மின்சாரமாவது பில் கட்டாவிட்டால் நின்றுவிடும். இவர் நிற்கமாட்டார்.

சொந்தப் பெயர் எங்கள் அடுக்குமாடியில் ஒருவருக்கும் தெரியாது. பாயான் லெப்பாஸில் மின்சாமான் தொழிற்சாலை ஒன்றில் கடைசிச் சோதனை வரிசையில் தலை நரைத்தவர். பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு சாமானையும் தொட்டுப் பார்த்து, பழுதென்றால் வட்டமான சிவப்பு ஸ்டிக்கரும் நல்லதென்றால் 'பாஸ்' என்று பச்சையும் ஒட்டுவது அவர் வேலை. அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். சட்டைப் பையிலிருந்த ஸ்டிக்கர் சுருள்களுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

எதைத் தொட்டாலும் புறங்கையால்தான். "உள்ளங்கையில ஷாக் அடிச்சா விரல் மூடிக்கிட்டுப் பிடிச்சுக்கும், தங்கச்சி. புறங்கைன்னா உதறிக்கிட்டு வந்துரும்" என்பார். ஸ்டைல் என்று நினைத்தவர்கள் பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

போனில் விரலைத் தேய்த்தால் நாலாம் நாள் வாசலில் பொட்டலம் வந்து விழும் காலம் இது. பேசினால் எரியும் விளக்கு, கைதட்டினால் சுற்றும் விசிறி எல்லாம் கடல் தாண்டி மலிவாக வந்து இறங்கின. நானும் ஒன்று வாங்கினேன். ஆபீசிலிருந்தே சாமி விளக்கைப் போடுகிற பிளக். அதற்குக் கால்கள் இரண்டுதான். நம் சுவரிலோ மூன்று துளை. அதனாலென்ன, மேல் துளையில் சாப்ஸ்டிக்கை நுழைத்தால் கீழ்த் துளைகள் இரண்டும் வாயைத் திறக்கும். இந்த வித்தை தெரியாத பினாங்குக்காரர் இல்லை.

அண்ணே வந்தார். புறங்கையை வைத்தார். முகம் சுருங்கியது.

"இதுல பியூஸ் எங்க?"

"சின்ன சாமான்தானே அண்ணே, அதுக்கெல்லாம் என்னாத்துக்கு லா?"

ஸ்க்ரூ டிரைவரால் அதன் வயிற்றைப் பிளந்தார். உள்ளே மீஹூன் சேமியா மாதிரி மெல்லிசாக ஒரு கம்பி.

"சாமி விளக்க ஏத்தப் போறியா, சாமியையே கொளுத்தப் போறியா? தர முத்திரை பாரு, அதுவும் போலி. எழுத்தே கோணலா இருக்கு."

சிவப்பு ஸ்டிக்கர். சாப்ஸ்டிக்கைக் கையோடு எடுத்துப் போய்விட்டார். அது என் ஜோடியில் ஒன்று. மிச்சமிருந்த ஒற்றைக் குச்சியை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சாப்பிடுவது?

ஒரு கல்யாணத்தில் மேடை விளக்குக்குச் சிவப்பு ஒட்டி, முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையை இருட்டில் உட்கார வைத்தார். ஒரு சாவு வீட்டில், உடல் வைத்திருந்த குளிர்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். இறந்தவரின் தம்பி வெடித்தார்:

"அவரு ஏற்கெனவே போய்ட்டாருண்ணே! இனிமே என்ன ஷாக் அடிக்கப் போவுது?"

"செத்தவருக்கு இல்ல, தம்பி. தொட்டு அழுவறவங்களுக்கு."

ஒயரை மாற்றிய பிறகுதான் ஒப்பாரி தொடர்ந்தது.

இந்தக் கண்டிப்பு அவர் வீட்டுக்குள்ளும் உண்டு. ஒரே மகள் ஷாமினி மெல்பர்னில் இருந்தாள். அங்கிருந்தபடியே அப்பாவுக்கு ஆன்லைனில் ஆர்டர் போடுவாள். ஒரு விளக்கு, ஒரு கரண்ட் கெண்டி, கால் பிடித்துவிடும் மெஷின். மூன்றுக்கும் சிவப்பு ஒட்டிப் படமெடுத்து, பழுதுகளை வரிசையாக எழுதி அனுப்பினார். கடைசியாக அவள் கேட்டாள்: "நான் எது அனுப்பினாலும் ரிஜெக்ட். அப்ப நானும் ரிஜெக்ட்டாப்பா?" அதற்குப் பின் அவள் போன் வருவது நின்றது. இதை என்னிடம் சொல்லும்போது அவர் என் விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அண்ணேயின் மனைவி இறந்தபோது ஷாமினி வந்து போனாள். போன கையோடு ஒரு கேமரா அனுப்பினாள். சுவரில் நேராகச் செருகுகிற சின்ன வெள்ளைப் பெட்டி, அதற்குள்ளேயே ஒலிபெருக்கி. அவள் அங்கிருந்து வீட்டைப் பார்க்கலாம், பேசலாம். மாலையில் கடற்காற்று உப்போடு மாடியேறும் நேரத்தில் அந்தச் சுவர் கேட்கும்: "அப்பா, சாப்ட்டாச்சா?"

அதன் மேல் பச்சை ஸ்டிக்கர் இருந்தது. ஆனால் சாக்கெட்டின் மேல் துளையில் சாப்ஸ்டிக்!

"அண்ணே! உங்க வீட்டிலயா?"

"சத்தம் போடாத. அவ கேட்டுக்கிட்டு இருக்கா." என்னை வாசலுக்குத் தள்ளிவந்து கிசுகிசுத்தார். "பியூஸ் இல்லதான். தெரியும். நான் கைய வச்சுக்கிட்டேதானே இருக்கேன்? சூடு ஏறினா புடுங்கிருவேன்."

அப்படியே செய்தார். அவள் பேச வரும் மாலை நேரத்தில் மட்டும் சுவிட்சைப் போட்டு, நாற்காலியைச் சுவரோரம் இழுத்து, புறங்கையைப் பெட்டியில் சாய்த்தபடி உட்காருவார். அவள் அங்கே காய் நறுக்குவாள். அவர் இங்கே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் அண்ணே எங்களுக்கும் இளகிவிட்டார். யார் எதைக் காட்டினாலும் புறங்கையை வைத்து, "ஜில்லுன்னு இருக்கு, பாஸ்" என்றார். மகள் பேசுகிற சந்தோஷம் என்று மாடியே மகிழ்ந்தது. எல்லோர் வீட்டுச் சுவரிலும் பச்சைப் பொட்டு.

ஒரு மாலை நடைபாதையில் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓடினேன். அண்ணே வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். அவர் கைக்கும் சுவருக்கும் நடுவே நூல்போலப் புகை.

"அண்ணே, கருகுது!"

"எங்க தங்கச்சி? ஜில்லுன்னுதானே இருக்கு?"

சுவிட்சை அடித்து அணைத்தேன். அவர் கையை இழுத்தபோது உருகிய பெட்டியோடு தோலும் போய்விட்டது. அவர் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்ப்பதுபோல் தன் கையைப் பார்த்தார்.

சர்க்கரை நோய் நரம்பைத் தின்றுவிட்டது, தொடு உணர்ச்சி போய் ரொம்ப நாளாகியிருக்கும் என்றார் டாக்டர். ஒரு வருஷமாக அவருக்கு உலகமே ஜில்லென்று இருந்திருக்கிறது. செய்தி வந்ததும் மாடியில் ஆளுக்கொரு பிளக்கைப் பிடுங்கினார்கள். சிரிக்க வேண்டிய காட்சி. ஒருவரும் சிரிக்கவில்லை.

வார்டில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "சாமான் கெட்டதுன்னு அவகிட்ட சொல்லிறாத. மழையில லைன் போச்சுன்னு சொல்லு." அதுவும் ரிஜெக்ட் ஆனதென்றால் மறுபடி பேச மாட்டாள் என்று பயம்.

ஷாமினி போன் செய்தாள். "கேமரா இருட்டாயிருச்சு ஆண்ட்டி. அப்பா கழட்டிட்டாரா?"

"மழைம்மா. லைன் போச்சு."

"போன்ல பாத்தேன் ஆண்ட்டி. பினாங்குல நல்ல வெயில்னு காட்டுது. உண்மையைச் சொல்லுங்க."

சொன்னேன். அழுதாள். மூன்றாம் நாள் வந்து இறங்கினாள்.

கட்டுப் போட்ட கையின் விரல் நுனிகளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் தொடுறது தெரியுதாப்பா?"

வாழ்நாளில் ஒரு பழுதையும் மறைக்காதவர், ஒரே ஒரு பச்சை ஸ்டிக்கரைத் தவிர. அவளையே பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார். "ஆனா எடுத்துறாத."

பார்வை நேரம் முடிந்த பிறகும் அவள் எடுக்கவில்லை. புண் ஆறாமலே, தீபாவளிக்கு முன் அண்ணே போய்விட்டார்.

அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே விசிறியை நிறுத்திவிட்டு, வீட்டில் ஆளில்லாததுபோல் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், அண்ணே.