மைக்காரருக்குத் தொண்டை திறந்தது

மைக்கில் பஸ் விவரம் சொல்லும் மைக்காரர் முதல் அறிவிப்பை முடித்து மூச்சு விடுவதற்குள் பேருந்து நிலைய மேலாளரின் அறையில் ஒரே கூச்சல். மைக் அறையின் கண்ணாடிக்கு அப்பால் ஏழெட்டுப் பேர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் மேலாளர் ஓடிவந்தார். "என்னய்யா இது? உன் ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு புகார் வந்ததில்லை. இன்னிக்கு நீ வாயைத் திறந்ததுமே ஆரம்பிச்சிடுச்சு!"

குரல்நாணில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு, வாரக்கணக்கில் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்து, இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார் மனிதர். பழைய கரகரப்பு போய்ப் புதுக்குரல் பளிச்சென்று இருந்தது. அதுதான் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை போலும்!

கொஞ்சம் குழைவு சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். "அன்பான பயணிகளே..." என்று தேன் தடவி, ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி நிதானமாகப் படித்தார். மேலாளரின் அறை நிரம்பிவிட்டது.

ஒருவேளை சத்தம் போதவில்லையோ? ஒலியைக் கூட்டி, எல்லாவற்றையும் இரண்டிரண்டு முறை சொன்னார். இந்தத் தடவை கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது.

"இன்னும் ஒரே ஒரு ஆள் என் ரூமுக்கு வரட்டும், உன்னைக் குடோனுக்கு மாத்திடுவேன்," என்றார் மேலாளர்.

"ஐயோ சார், இந்த மைக்கை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

அழாத குறையாக டாக்டருக்குப் போன் போட்டார். "டாக்டர், அந்தக் கட்டியைத் திரும்ப வெச்சுட முடியுமா?"

"என்னது!"

"பழைய குரலே நல்லாயிருந்துச்சு டாக்டர்."

"விளையாடறீங்களா? கட்டி இருந்தப்ப ரெண்டு நாணும் ஒண்ணோட ஒண்ணு சரியா சேரலை. நடுவுல காத்து கசிஞ்சு, அதிர்வு தாறுமாறா இருந்துச்சு. இப்பத்தான் ரெண்டும் சீரா அதிருது. தொண்டையைக் கிழிச்சு அதைக் கெடுத்துடாதீங்க!" டாக்டர் போனை வைத்துவிட்டார்.

அப்போது கையில் பையோடு ஓர் அம்மாள் மைக் அறையின் கண்ணாடியைத் தட்டினாள். போச்சுடா, நேராக இங்கேயே வந்துவிட்டார்களா!

"மைக்குல பேசறது நீங்கதானே தம்பி?"

"மன்னிச்சிடுங்கம்மா. என் குரல் யாருக்கும் பிடிக்கலைன்னு தெரியும்."

"யார் சொன்னா? மணி மாதிரி இருக்கு! முன்னெல்லாம் நீங்க கொரகொரன்னு என்னமோ சொல்வீங்க, ஒண்ணும் புரியாது. பஸ் வருதுன்னுதான் சொல்றீங்கன்னு நாங்களும் நம்பி உட்கார்ந்திருப்போம். இத்தனை வருஷமும் பஸ் ரத்துன்னா சொல்லிட்டிருந்தீங்க? ஆமா, அந்த மேனேஜர் ரூம் எந்தப் பக்கம்?"