கழுத்தைப் பிடித்த ரகசியம்

கல்யாணமான நாளாக மனைவியிடம் நான் எதையும் மறைத்ததில்லை. மறைத்தாலும் நிலைத்ததில்லை. இந்தமுறை ஒரே ஒரு ரகசியத்தையாவது காப்பாற்றிக் காட்டுவது என்று உறுதி பூண்டேன். பூண்ட மூன்றாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது.

ரகசியம் என் மகள் ஜிராவுடையது. வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். ஒருவரை விரும்புகிறாளாம். அம்மா சம்மதிக்கவே மாட்டாளாம்.

"அம்மாவ வழிக்குக் கொண்டுவர உங்களால மட்டும்தான் முடியும்ப்பா. ஆனா நேரம் வர்ற வரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதீங்க," என்றாள்.

இந்த வீட்டில் என்னால் முடியும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மார்பு விரிந்துவிட்டது. வண்டியில் தொங்கும் மல்லிகை மாலையைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். பிறகுதான் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

கார் ஓட்டுகிறானாம். போனைத் தட்டினால் வாசலுக்கு வந்து நிற்குமே, அந்த வெள்ளைக் கார்.

நான் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் வாடகைக்குச் சிவப்பு வண்டி ஓட்டுகிறவன். பின்னால் இரண்டு பெஞ்சு, ஏறுகிறவர்களுக்கெல்லாம் இடம். அந்த வெள்ளைக் கார்கள் வந்த பிறகு என் பெஞ்சுகள் காற்று வாங்குகின்றன. அவற்றைத் திட்டாமல் நான் ஒருவேளைகூடச் சாப்பிட்டதில்லை. ஆனால் சத்தியம் செய்தாகிவிட்டது.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஒட்டரிசிச் சோற்றை உருட்டுவேன், வாயில் போட மறந்துவிடுவேன். கழுத்து இடப்பக்கம் மட்டுமே திரும்பியது. வலப்பக்கம் யார் முந்திக்கொண்டு போனாலும் தெரியாது. அதில் ஒரு நிம்மதி, வெள்ளைக் கார்கள் கண்ணில் படவில்லை.

என் மனைவி உபொன் கோயில் மண்டபத்தில் உடம்பு பிடித்துவிடுகிறவள். மனக்கவலையோடு வருகிறவர்கள் அவள் கைபட்டால் குறட்டை விட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஊரார் காலை அவள் பிடிப்பாள். வீட்டில் அவள் காலை நான் பிடிப்பேன், அது வேறு வகை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே என்னைப் பாயில் குப்புறப் போட்டாள். கைகூப்பி வைத்திய குருவை வேண்டிக்கொண்டு உள்ளங்காலில் ஆரம்பித்தாள்.

"கழுத்துலதானே வலி?" என்றேன்.

"கழுத்துல வலி. கவலை எங்கேன்னு தேடுறேன். வண்டியில ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல."

"என்மேல கோவமா?"

"அவ்வளவு தைரியம் ஏது?"

"ஜிரா விஷயமா?"

என் கெண்டைக்கால் விறைத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் முழங்கை இடுப்புக்கு வந்தபோது காதலைச் சொன்னேன். முதுகுக்கு வந்தபோது காரைச் சொன்னேன்.

"வெள்ளைக் கார்க்காரனா?" முழங்கை ஆழமாக இறங்கியது. "நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டவனுக்கா பொண்ணு குடுப்பீங்க?"

அது தினமும் நான் சொல்கிற வசனம். அடுத்தவர் வாயில் கேட்டபோது அநியாயமாகப் பட்டது.

"அவன் என்ன பண்ணுவான், பொழைப்பு. நாம சிவப்பு வண்டி எடுத்தப்ப சைக்கிள் ரிக்‌ஷாக்காரங்க நம்மளத் திட்டலியா?"

"சும்மா தலையாட்டுறீங்களா, இல்ல மனசார சொல்றீங்களா?"

"மனசாரத்தான். பொண்ணு சந்தோஷமா இருந்தா போதும், உபொன். அவ அழுதா என்னால தாங்க முடியாது."

அவள் வெந்நீர் ஆவியில் காட்டிய மூலிகைப் பொட்டலத்தைத் தோளில் ஒற்றினாள். இத்தனை நாள் ஏற்றிக்கொண்டு திரிந்த பாரம் இறங்கியது போலிருந்தது.

"சரி, உங்க இஷ்டம்," என்று பெருமூச்சு விட்டாள். "இப்ப வலப்பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். கழுத்து வெண்ணெயாகத் திரும்பியது. வாசலில் வெள்ளைக் கார் நின்றது. பக்கத்தில் ஒரு பையன், கூடை நிறையப் பழத்தோடு என்னைக் கும்பிட்டான். அவனுக்குப் பின்னாலிருந்து ஜிரா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா ஒத்துக்கிட்டாராம்மா?"

அடுப்பில் ஐந்து பேருக்குச் சமையல் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேர்தான். பையன் தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தான்.

"உங்ககிட்ட நேரா கேட்டிருந்தா ஒரேயடியா முடியாதுன்னிருப்பீங்க," என்றாள் உபொன், மெதுவாக. "அதான் அவளை உங்ககிட்ட அப்படிச் சொல்லச் சொல்லி, அவளுக்காக உங்களையே வாதாட விட்டேன். கழுத்து பிடிச்சுக்கும்னு நினைக்கல. நீங்க புரண்டு படுத்த ராத்திரியெல்லாம் நானும் தூங்கலைங்க."

கோபப்படலாமென்று பார்த்தேன். உடம்பில் அதற்கு ஒரு முறுக்குக்கூட மிச்சமில்லை. நன்றிதான் பொங்கியது. மகளுடைய முகத்தை அத்தனை வெளிச்சமாக நான் பார்த்ததில்லை. பையன் ஒட்டரிசியை எங்களைப் போலவே கையால் உருட்டிச் சாப்பிட்டான். அன்று மதியம் பாயில் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன்.

இப்போது யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டவள் என் மனைவி.