பெட்டி திறப்புத் தீர்மானம்

ஜனநாயகம் எங்கே பிறந்தது என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு உண்டு. அது முழு வளர்ச்சி பெற்ற இடம் மட்டாஞ்சேரித் தமிழர் நலச் சங்கம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. செயலாளர் நான்தான். பதினேழு ஆண்டுகளில் எங்கள் தீர்மானம் ஒன்றுகூட 'ஏகமனதாக' அல்லாமல் நிறைவேறியதில்லை!

2007-இல் நவீனமடைந்தோம். நம்மவர்கள் 1950-க்கு முன்பே கொச்சிக்கு வந்தவர்கள் என்று காட்டினால்தான் சாதிச் சான்றிதழ். அதற்கு ஆதாரமான தாத்தாக்களின் நகராட்சி வேலைச் சீட்டுகளை, எர்ணாகுளத்தில் கல்யாண வீடியோ செய்யும் வீரபாண்டி ஸ்கேன் செய்து, உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க் பெட்டியில் போட்டுத் தந்தான். கரையான் அரித்த அசல்களைத் தலைவர் முத்துராமலிங்கம் 'முறைப்படி' எரித்தார். போட்டோகூட எடுத்தோம்.

துப்புரவுத் தொழிலாளி இருளாயியின் மகள் அம்பிளிக்கு நர்சிங் சீட் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் வேண்டும். தாத்தாவின் சீட்டைப் பிரிண்ட் எடுக்க வந்தாள். டிஸ்க்கைச் செருகினேன். 'இது ஃபார்மேட் செய்யப்படவில்லை. இப்போது செய்யவா?' என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கேட்டது.

எழுத்து மூலம் வரும் கேள்விக்குச் செயற்குழுதான் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. அரை மணியில் குழு கூடியது. சாயா வந்தது. பழம்பொரியும் வந்தது.

"அமுக்கிராதீங்க!" என்று அம்பிளி பதறினாள். "வீரபாண்டி சேட்டன் ஆப்பிள் கம்ப்யூட்டர்லயாக்கும் இதப் பதிஞ்சது. விண்டோஸுக்கு அது வாசிக்க அறியாது. உள்ள எல்லாம் பத்திரமா உண்டு. எர்ணாகுளம் கொண்டுபோனா மதி, அது போதும். ஃபார்மேட் பண்ணினா எல்லாம் அழிஞ்சிரும்!"

"மோளே, நீ மெம்பரா?" என்றார் தலைவர்.

"இல்ல."

"பின்ன கேள்வி உன்கிட்ட இல்லல்லோ."

"எவ்வளவு மரியாதையா கேக்குது!" என்று பொருளாளர் ராமர் உருகினார். "வேண்டாம்னு சொன்னா அது என்ன நெனைக்கும்?"

ஒன்பது கைகள் உயர்ந்தன. 'எஸ்' அமுக்கினேன். டிஸ்க் பளிச்சென்று திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"தொறந்துருச்சுல்ல!" என்றார் தலைவர். கைதட்டினோம். அம்பிளி மட்டும் தட்டவில்லை. நான் தட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

திங்கள் போயிற்று. நர்சிங் சீட்டும் போயிற்று. அடுத்த வருடத்துக்காகத் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தவளிடம், "அப்படியொரு சீட்டு இருந்ததற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்களாம். என்னிடம் வந்து அன்றைய கூட்டத்தின் மினிட்ஸ் நகல் வாங்கிப் போனாள். 'அம்பிளியின் தாத்தா இருளப்பன், 1947' உட்பட நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் இருந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய ஏகமனதாகத் தீர்மானித்தோம் என்று அழகாக எழுதியிருக்கிறேன்.

எங்கள் மக்கள் இங்கே இருந்ததற்கு இன்று உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே அத்தாட்சி அந்த மினிட்ஸ்தான். கீழே ஒன்பது கையெழுத்து. முதலாவது என்னுடையது.