பூச்சி வளர்த்த பிச்சையா

தாமிரபரணி மலையை விட்டு இறங்கிக் கடலைத் தொடுகிற வரைக்கும் இரண்டு கரையிலும் தேடினாலும், எங்கள் விடுதியில் நாங்கள் பூச்சி என்று கூப்பிட்டவளைப் போல எதையும் நிச்சயமாகச் சொல்லாத ஒரு பெண் அகப்பட மாட்டாள். ஒருநாள் வாசலில் அவளுடைய அப்பாவே வந்து நின்றார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவளிடம், "உங்க அப்பாதானட்டி?" என்று கேட்டேன். "நடை அப்படித்தான் இருக்கு. பக்கத்துல பாக்காம சொல்ல முடியாதுக்கா" என்றாள். பாவம், அந்த மனுஷர் கையில் சீடை டப்பாவோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி அது. நான் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். என் அறைக்கு வந்து சேர்ந்த இவள், ஒரு கல்லூரியில் சிலந்திகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சிலந்தி பூச்சியே கிடையாது, பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு, இரண்டும் வேறு வேறு வகுப்பு என்று முதல் நாளே எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினாள். நாங்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி பூச்சி, சாப்பிட வா" என்று கூப்பிட்டோம். எட்டுக்கால் பூச்சி என்றே சொல்லி வளர்ந்த வாய்களை ஒரு சாயங்காலத்தில் திருத்த முடியுமா? பெயர் அப்படியே நின்றுவிட்டது.

சாப்பாட்டு மேசையில் அவளிடம் என்ன குழம்பு என்று கேட்டால், "சாம்பார் குடும்பம். அதுக்கு மேல சொல்லணும்னா பருப்பு கண்ணுல படணும்" என்பாள். சமையல் பார்வதியக்கா காதில் இது விழுந்து, மறுநாள் பூச்சியின் தட்டில் மட்டும் வெறும் பருப்பாக விழுந்தது. அவளுடைய அம்மா போனில் மாப்பிள்ளை போட்டோ அனுப்பி, பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது, போட்டோவை வைத்து முடிவு செய்வது முறையில்லை, ஆளை நேரில் பார்த்து அளந்தால்தான் தெரியும் என்று பதில் போட்டாள். அந்த வரன் தட்டிப்போனதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை.

இதெல்லாம் திமிர் இல்லை, பயம். அவள் தொழில் அப்படி. ஓர் உயிருக்கு முதன்முதலில் முறையாக அச்சில் ஏறிய பெயர் எதுவோ அதுதான் செல்லுமாம். கறுப்பன் என்று பெயர் வைத்த பிறகு, கழுவிப் பார்த்தால் அது மஞ்சள் என்று தெரிந்தாலும் கடைசி வரைக்கும் அது கறுப்பன்தான். வைத்தவர் பெயரும் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும். "நான் செத்த பொறவும் என் தப்பு அச்சுல இருக்கும்க்கா" என்று சொல்லி நகத்தைக் கடிப்பாள். அவள் பதற்றம் ஜலதோஷம் மாதிரி. ஒரே அறையில் படுத்தால் நமக்கும் வந்துவிடும். ஆறு மாதத்தில் நானும் கடையைப் பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

வார்டனம்மா கடற்கரை ஊர்க்காரர். சனிக்கிழமைதோறும் மாதாவை வேண்டிக்கொண்டு ஒட்டடைக் கம்பை எடுப்பார். பூச்சி அந்தக் கம்புக்கு முன்னால் ஓடி, ஒவ்வொரு மூலையையும் பார்த்து, "இத அடிக்கலாம்... இது வேண்டாம்... இது சந்தேகம்" என்று சொல்லிக்கொண்டே போவாள். சந்தேகம்தான் அதிகம். அதனால் எங்கள் விடுதியில் பாதி ஒட்டடை அப்படியே இருந்தது.

இப்படிப்பட்டவள் கையில்தான் அந்தச் சிலந்தி வந்து மாட்டியது. விக்கிரமசிங்கபுரத்துக்கு வெளியே, ஆற்றோரப் பாறை இடுக்கில் கிடைத்தது. உளுந்து அளவு உடம்பு, முதுகில் சந்தனக் கோடு. வலை பின்னாமல் குதித்து இரை பிடிக்கிற வகை. நன்றாக வளர்ந்த பெண் சிலந்தி. இதுவரை யாரும் பெயர் வைக்காத புது உயிராக இருக்கலாம் என்று அவளுடைய பேராசிரியர் நினைத்தார். ஆனால் ஒரு சிக்கல். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் இதே சாடையில் ஓர் ஆண் சிலந்தியைப் பிடித்து, பெயர் வைத்து, ஏதோ வெளிநாட்டில் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். அந்த ஆணுக்கு இவள் பெண்டாட்டியாக இருந்தால் புதுப் பெயருக்கு இடமே இல்லை. இவள் இனத்து ஆண் கிடைத்து, இனத்துக்கு இனம் மாறுகிற அவனுடைய முன்கை நுனியை உருப்பெருக்கியில் வைத்து ஒப்பிட்டால்தான் விஷயம் தெரியும்.

எங்களுக்குத் தலை சுற்றியது. பார்வதியக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்தால்தான் சொந்தமா அசலா என்று தெரியும், இதில் என்ன கஷ்டம் என்றார். அவருக்கும் விக்கிரமசிங்கபுரம்தான் ஊர். கணவர் மில் வேலையில் இருந்தவர். அந்தப் பாறையில்தான் அக்கா துணி துவைத்தாராம். வாருங்கள், நானே காட்டுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பாபநாசம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

போனால் பாறையைக் காணோம். புதுப் படித்துறை கட்டுகிறோம் என்று இயந்திரம் விட்டு உடைத்து, கான்கிரீட் போட்டிருந்தார்கள். கொஞ்சம் கீழே, ஆறு வளைகிற இடத்தில் மட்டும் ஒரு துண்டுப் பாறை மிச்சம் இருந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் பூச்சி நகத்தைக் கடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர்தான். முழுக்கக் கேட்டார்.

"அந்தச் சிலந்திக்குப் பேரு என்னம்மா?"

"இன்னும் வைக்கல அண்ணாச்சி."

"பேரே இல்லாததுக்கா இம்புட்டு தூரம் வந்து நிக்கிய? மழைக்காலம் முடியட்டும், அந்தப் பாறையையும் எடுத்துருவோம்."

அவள் நேரே கீழே இறங்கினாள். வளைவுப் பாறையில் நாள் முழுக்க நாலு காலில் ஊர்ந்தாள். பொழுது சாயும்போது கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் கடுகு அளவுக் குஞ்சு. ஆணா பெண்ணா என்று தெரியாது. பலமுறை சட்டை உரித்து ஆளாகிற வரைக்கும் எந்த வல்லுநராலும் அதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. அடுத்த வாரமே மழை பிடித்து ஆறு ஏறியது, வளைவுப் பாறை தண்ணீருக்குள் போனது. ஆக, பூச்சியின் ஆராய்ச்சி, அந்தப் பாறையின் கதி எல்லாம் ஓர் ஊறுகாய் பாட்டிலுக்குள் இருந்த கடுகின் உயிரைப் பிடித்துத் தொங்கின.

அதற்குப் பெயர் வைத்தது பார்வதியக்கா. பிச்சம்மாள். அவருக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது பெண்ணுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். சாமியிடம் பிச்சையாக வாங்கிய பிள்ளை என்று பெயரிலேயே சொல்லிவிட்டால் எமன் கை வைக்க யோசிப்பான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தப் பெண் இப்போது திசையன்விளையில் மூன்று பிள்ளைகளைப் பெற்று, தெருவே கேட்க அதட்டிக்கொண்டிருக்கிறாள். பெயரின் பலத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

அதன்பிறகு எங்கள் விடுதியில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. பிச்சம்மாளுக்கு உணவு, அழுகின வாழைப்பழத்தில் மொய்க்கிற குட்டி ஈ. அறை முழுக்கப் பழ நாற்றம். கடையில் என் பக்கத்தில் நிற்கிற பெண் தள்ளி நின்றாள். எறும்பு ஏறாமல் இருக்கப் பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் வைத்தோம். தண்ணீரில் விழுந்துவிட்டால் என்று பயந்து தட்டுக்குக் காவல் இருந்தோம். கிட்டே போனால் அது முகத்தைத் திருப்பி நம்மையே பார்க்கும். அப்படிப் பார்த்துத் தொலைத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கண்ணால் பார்க்கிற ஒன்றிடம் மனசை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

ஒருநாள் பாட்டில் காலி. மூடித்துணி லேசாக விலகியிருந்தது. பூச்சி போட்ட சத்தத்தில் எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். எந்தக் காலை எங்கே வைத்தால் பிச்சம்மாள் நசுங்குவாளோ என்று ஆளாளுக்கு ஒற்றைக் காலில் நின்றோம். தலை துவட்டிக்கொண்டிருந்தவள் துண்டைக்கூட அசைக்கவில்லை. கடைசியில் வராந்தாவிலிருந்து வார்டனம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "ஏட்டி, பைய வா. இங்கன இருக்கு." அவர் கையிலிருந்த ஒட்டடைக் கம்பின் நுனியில் பிச்சம்மாள் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் வருகிற வரை அந்த அம்மாள் மூச்சுவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த வாரம் முதல் சனிக்கிழமை ஒட்டடை அடிப்பது நின்றுபோனது.

அப்புறம் அது சாப்பிடாமல் கிடந்தது. மூலையில் வெள்ளைப் பட்டுக்கூட்டைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டது. பூச்சியும் சாப்பிடவில்லை. சட்டை உரிக்கப் போகிறது, இந்த நேரத்தில்தான் பாதி செத்துப்போகும் என்றாள். பார்வதியக்கா, பெண் ஆளாகப் போகிறாள் என்று முடிவுகட்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிவிட்டார். சிலந்தி களி தின்னாது என்று சொல்லிப் பார்த்தோம். சடங்குக் களியைப் பெண் மட்டுமா தின்கிறாள், வந்தவர்களும்தானே என்றார். நியாயம்தான்.

கூட்டை விட்டு அது வெளியே வந்ததும் பூச்சி லென்ஸை எடுத்துப் பார்த்தாள். முன்கைகள் இரண்டும் உப்பியிருந்தன. நிமிர்ந்து எங்களை ஒரு பார்வை பார்த்தாள். பிச்சம்மாள் ஆண்பிள்ளை; ஆணுக்குத்தான் கை அப்படி உப்புமாம். முழு ஆளாக இன்னும் ஒரு சட்டை பாக்கி. களியை என்ன செய்வது? நின்றபடியே எல்லாரும் தின்றோம். பிச்சம்மாள் அன்றைக்குப் பிச்சையா ஆனான்.

கடைசிச் சட்டையையும் உரித்தபின், பூச்சி பாட்டிலை மடியில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"இது வேற."

போலத்தான் இருக்கு, சொல்ல முடியாது, இப்படி எதுவுமே இல்லாமல் அவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அது. கை நுனியின் வளைவு வெள்ளைக்காரர் வரைந்து வைத்ததோடு ஒட்டவே இல்லையாம். பிச்சையா உலகத்துக்குப் புதுசு.

அடுத்து நடக்கவேண்டியதை அவளேதான் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். பெயர் வைப்பதென்றால் அந்தப் பெயரைத் தாங்க ஓர் உடல் வேண்டும். யார் எப்போது சந்தேகப்பட்டாலும் எடுத்துப் பார்க்கிற மாதிரி, கெடாமல், சாராயத்தில். ஆளான ஆண் சிலந்தி அதிக நாள் இருக்காது. தானாகச் செத்துச் சுருண்டால் எதற்கும் உதவாது.

பார்வதியக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "நாங்க சாகக்கூடாதுன்னு பேரு வைக்கோம். நீங்க பேரு வைக்கதுக்காகச் சாவடிக்கிய."

பூச்சி இப்போது அழுதுகொண்டு எழுந்து ஓடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை.

"அன்னைக்கு அந்த அண்ணாச்சி பேரு என்னன்னு கேட்டார்லாக்கா? எனக்குப் பதில் இல்ல. பேரில்லாதத ஒடச்சா, ஒடச்ச மாதிரியே இருக்காது. இவன் ஒருத்தனுக்குப் பேரு வச்சாத்தான், அந்தப் பாறைல மிச்சம் இருக்கவனுக்காக நான் ஒரு வார்த்தை பேச முடியும்."

பார்வதியக்கா எழுந்து சமையலறைக்குள் போனார். கோபம் என்று நினைத்தோம். ஈ மொய்த்த வாழைப்பழத் துண்டு ஒன்றைக் கிண்ணத்தில் மூடி எடுத்து வந்து பாட்டில் பக்கத்தில் வைத்தார். "வயிறு நெறையட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பிச்சையா சாப்பிட்டான். வலி தெரியாமல் இருக்க முதலில் குளிரில் மயங்க வைக்கவேண்டுமாம். விடுதி பிரிட்ஜில் தோசை மாவுக்கும் வார்டனம்மாவின் ஊசி மருந்துக்கும் நடுவில் பாட்டிலை வைத்தாள். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்க பாருங்கக்கா, அசையுதானான்னு. எனக்குச் சொல்லத் தெரியல."

அவளுக்குப் பதிலாக நான் பார்த்தேன். "இல்லட்டி" என்றேன். சாராயக் குப்பிக்கு அவளே மாற்றி மூடினாள். அழுததெல்லாம் அதற்கப்புறம்தான்.

கட்டுரை அச்சாகி வருவதற்குள் விடுதியில் பாதிப் பேர் மாறியிருந்தார்கள். பூச்சி அதை மேசையில் விரித்து, பெயர்க் காரணம் என்ற பத்தியை மட்டும் தமிழில் சொன்னாள். இந்தச் சிலந்திக்கு, இதை வளர்த்த விடுதியின் சமையலறையில் இது உயிர் பிழைக்க வேண்டும் என்று இட்ட பெயர் பிச்சையா. அதையே இந்த இனத்துக்கும் பெயராக வைக்கிறோம். பார்வதியக்கா கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை வாங்கினார். அச்சில் ஏறிய பெயரை இனி யாரும் மாற்ற முடியாதா என்று கேட்டார். முடியாது என்றாள் பூச்சி. "அப்போ அவன் இனிச் சாக மாட்டான்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனார்.

பூச்சி இப்போது வடகிழக்கே எங்கோ மலையில் சிலந்தி தேடிக்கொண்டிருக்கிறாள். மாதம் ஒருமுறை போன் பண்ணி, வளைவுப் பாறை இருக்கிறதா என்று கேட்பாள். நான் பாபநாசம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இறங்கிப் பார்த்துச் சொல்வேன். இதுவரை இருக்கிறது. பாறைக்காக அவள் எழுதிப்போட்ட மனுக்களாலா, ஒப்பந்தக்காரருக்குப் பணம் வராததாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் அழைக்கும்போது என் போனில் பூச்சி என்றுதான் வரும். அது தப்பான வகைப்பாடு என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முதலில் வைத்த பெயர்தான் செல்லும் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே, அதனால் மாற்றவில்லை.