ஞாயிறோடு காலாவதியாகும் ரமாபாயின் பாயிண்ட்டுகள்

திருவொற்றியூர்,
வெள்ளிக்கிழமை

இன்று காலை 10.17-க்குச் செய்தி வந்தது மச்சான்.

கடிதத்தை இப்படித் தொடங்கக் கூடாது என்று தெரியும். ஆகவே முறைப்படி: போர்ட் பிளேரில் இருக்கும் என் மனைவியின் அண்ணன், மதிப்புக்குரிய வரதன் மச்சான் அவர்களுக்கு, பாரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அத்தை, அக்கா, பாப்பா எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம் என்பது வழக்கத்துக்காக எழுதியது. அடித்தால் பக்கம் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் என் வாயில் 'ம்' மட்டும்தான் வருகிறது. போன வாரம் நீங்கள், "பொங்கலுக்கு அங்க தனியா குந்திக்கினு இன்னா பண்ணப் போற மாப்ள? கெளம்பி வா. அம்மா உன்னப் பாக்கணும்னுது"ன்னு சொன்னதுக்கும் 'ம்'தான் சொன்னேன். அது சம்மதம் இல்லை. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

செய்தி வந்தது ரமாவின் போனுக்கு. அதை இன்னும் சார்ஜ் போட்டுக் கூடவே வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள். அவள் பாயிண்ட் சேர்த்து வைத்திருந்த விமானக் கம்பெனி எழுதியிருந்தது: 'அன்புள்ள ரமாபாய், உங்களைக் காணாமல் ஏங்குகிறோம்! உங்கள் பாயிண்ட்டுகள் ஞாயிறு நள்ளிரவோடு காலாவதியாகின்றன. எங்கே பறக்கப் போகிறீர்கள்?' நான் அப்போது ஆலையில் ஒரு பிரஷர் மீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை படித்தேன். அவளை ஒரு நாளும் பார்த்திராத கம்பெனி ஏங்குகிறது. மீஞ்சூரில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடத்தில் வேலை செய்யும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. காரியத்தன்று வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. மீட்டரில் முள் ஆடாவிட்டால் மீட்டர் பழுதா, லைனிலேயே ஒன்றும் ஓடவில்லையா என்று தட்டிப் பார்ப்போம். என்னை எங்கே தட்டுவது என்று தெரியவில்லை.

உங்கள் தங்கை ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனை பாயிண்ட்டும் தரையில் நின்றே சேர்த்தது. ராயபுரத்தில் எபினேசர் அண்ணாச்சியின் மொத்த மளிகைக் கடையில் பில் போடப் போன பிறகுதான் இந்தக் கிறுக்குப் பிடித்தது. கிரெடிட் கார்டில் செலவு செய்தால் கம்பெனி பாயிண்ட் தரும், பாயிண்ட் சேர்ந்தால் டிக்கெட் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாள், அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் வீட்டுக் கரண்டு பில்லும், யார் வீட்டு சிலிண்டரும், யார் பிள்ளையின் ஸ்கூல் பீஸும், யார் நிச்சயதார்த்தப் புடவையும் இவள் கார்டில்தான், அவர்கள் காசை இவள் கையில் கொடுப்பார்கள், இவள் பேங்கில் கட்டுவாள், தெருவே செலவு பண்ண இவள் பறக்கச் சேர்த்தாள். அண்ணாச்சியின் சரக்கையும் விடவில்லை. அவர், "ஏளா, சரக்கு என்னது, துட்டு என்னது, நீ எதுக்குளா நடுவுல கார்டத் தேய்க்க?" என்று கேட்டிருக்கிறார். இவள், "உங்களுக்கு ஒண்ணும் கொறையாது அண்ணாச்சி, எனுக்குக் கூடும். கொறையாமக் கூடற வேவாரம் வேற எங்கனா கீதா?" என்றாளாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறியபோது ஐஸ் பெட்டி கொண்டு வந்தவரை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணா, கார்டு எடுப்பீங்களா?" என்று கேட்டவள் அவள். அவளுக்கு வந்த ஐஸ் பெட்டிக்கு நான் காசாகத்தான் கொடுத்தேன். பாயிண்ட் வரவில்லை.

சேர்த்தாளே தவிர செலவு செய்ய விடவில்லை. கல்யாணமான புதிதில் பெங்களூராவது போய்வரலாம் என்றேன். "இன்னா பாரி, லூசா நீ? பெங்களூருக்கு பஸ் கீது, ரயில் கீது. அதுல போயி பாயிண்ட்டக் கொட்டுவியா?" என்றாள். மிக்ஸி வாங்கலாமா என்றதற்கு ஒரு வேளை சோறு போடவில்லை. பாயிண்ட்டைக் கொடுத்துச் சாமான் வாங்குவது தங்கத்தை எடைக்குப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்குவது மாதிரி என்பது அவள் கட்சி. அவள் கணக்கை உங்களுக்கும் சொல்லியிருப்பாள். டிக்கெட்டின் விலை பண்டிகை, லீவு, கடைசி நேரம் என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் சில ஊர்களுக்கு இந்தக் கம்பெனி கேட்கும் பாயிண்ட் மட்டும் ஏறாது. அதனால் டிக்கெட் மலிவாக இருக்கும்போது பாயிண்ட்டைத் தொடக் கூடாது, எவனும் வாங்க முடியாத விலை வரும் அன்றைக்குத்தான் எடுக்க வேண்டும். "தடைக்காலத்துல போட்டு கடலுக்குப் போவாது, வஞ்சரம் ஆன வெலை குதிர வெலை விக்கும். அன்னிக்கு நம்முளுக்கு மட்டும் பழைய ரேட்டுல குடுக்கறான்னு வெச்சிக்க. அப்ப வாங்கறவதான் கெட்டிக்காரி" என்பாள். நானும் டிப்ளமோ படித்தவன், கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு லீவுக்கும் விலையைப் பார்ப்பாள். "இன்னும் ஏறும், இரு" என்பாள். இருந்தோம். மழை பிடிப்பதற்கு முன்னால் காய்ச்சல் வந்தது. அது இருக்கவில்லை.

நீங்கள் கப்பலில் வந்து இறங்கியபோது நான் ஒன்றும் பேசும் நிலையில் இல்லை. அந்த ஃபிளெக்ஸ் பேனரைப் பற்றி இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அது என் தோஸ்து வல்லரசுவின் வேலை, அவன்தான் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். அவள் போன அன்றைக்கு வந்து, "மாமு, அண்ணிக்கு இன்னா ரொம்பப் புடிக்கும்?" என்று கேட்டான். நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு "ஃப்ளைட்டு" என்று சொல்லியிருக்கிறேன். அவன் ரோட்டு முனையில் பனை உயரத்துக்கு ஒன்றைக் கட்டினான்: மேகம், மேகத்துக்கு நடுவில் விமானம், விமான ஜன்னலில் ரமா சிரிக்கிறாள், கீழே 'விண்ணில் கலந்தாயே எங்கள் தங்கமே, கண்ணீர் அஞ்சலி'. அவ்வளவுதான், ஊர் பூராவும் அவள் விமான விபத்தில் போனதாக முடிவு செய்துவிட்டது. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "எந்த ஃப்ளைட்டு சார்? டீவில காட்டவே இல்லியே" என்றார்கள். கரை வேட்டி கட்டின ஒருத்தர் நாலு பேரோடு வூட்டுக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நஷ்டஈடு எவ்ளோ தரேன்றான் தம்பி? கம்மியா சொன்னான்னா சொல்லு, நடு ரோட்ல குந்திடலாம்."

"காய்ச்சல்ங்க" என்றேன்.

"யாருக்கு?"

"அவளுக்குத்தான். காய்ச்சல்லதான் போனா."

அவர் எழுந்துவிட்டார். முகத்தில் என்னை விடத் துக்கம். "காய்ச்சலா? அதுக்கா இம்மாம் பெரிய ஃப்ளைட்டு?" என்று வல்லரசுவைக் கேட்டார். அவன், "அண்ணி ஆசப்பட்ச்சி தலைவா" என்றான். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வந்த கூட்டத்தில் சரியான காரணத்துக்காக வருத்தப்பட்டவர் கடைசியில் அவர்தானோ என்று நினைக்கிறேன். நீங்களும் அந்தப் பேனருக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றீர்கள், பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. டிக்கெட் விலையால் முகம் பார்க்க முடியாமல் போச்சே என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம், அக்கா சொன்னாங்க. உட்டுடுங்க மச்சான். அன்னிக்கு அந்த வெலையில யாராலயும் வந்திருக்க முடியாது.

இன்றைய கதைக்கு வருகிறேன். மதியம் ஷிப்ட் முடித்து எக்ஸ்பிரஸ் ரோட்டில் நின்றபடி விமானக் கம்பெனிக்கு போன் போட்டேன். மகிமா என்று ஒரு பெண் எடுத்தாள்.

"சார், கணக்கு மேடம் பேர்ல இருக்கு. அவங்ககிட்ட பேசலாமா?"

"முடியாதுங்க."

"எப்ப ஃப்ரீயா இருப்பாங்க?"

"இப்ப ஃப்ரீயாத்தான் இருக்காங்க."

"அப்ப குடுங்க சார்."

"இறந்துட்டாங்க" என்றேன். சத்தமாக, இவ்வளவு மாதத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். துறைமுகத்துக்குப் போற லாரி ஒண்ணு பின்னால ஒண்ணா போய்க்கினே இருந்தது. அந்தப் பெண் மெதுவாக, "சார், அங்க லாரி சத்தம் ரொம்ப இருக்கு. நீங்க கடைசியா சொன்னது எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா இந்த நிமிஷமே கணக்க மூடணும், பாயிண்ட் எல்லாம் போயிடும். அதனால திருப்பிச் சொல்லாதீங்க" என்றாள். நான் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் மேடம் யாருக்கு வேணும்னாலும் டிக்கெட் போடலாம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஆக, ஞாயிறு வரைக்கும் உங்கள் தங்கைக்கு ஒரு இடத்தில் உயிர் இருக்கிறது மச்சான்.

செய்தி தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை. அண்ணாச்சி, "ஒரு நல்ல மிக்ஸியா வாங்கி உங்க அத்தைக்குக் குடும் வே, புண்ணியமாப் போவும்" என்கிறார். வல்லரசு, "கோவா போலாம் மாமு, பேஜாரு எல்லாம் போயிடும்" என்கிறான். சாமான் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முடி காய வைக்கிற மிஷின், சக்கரம் வைத்த பெட்டி. பெட்டி பரவாயில்லை என்று அமுக்கப் போனேன். கை போகவில்லை. அவள் பார்த்தால் சோறு போட மாட்டாள். சோறு யார் போடுவது என்பது வேறு விஷயம்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். சாமானும் வேண்டாம், கோவாவும் வேண்டாம். அங்கே வரவும் மாட்டேன். அவள் ஒரு தடவைகூட உட்காராத சீட்டில் நான் மட்டும் போய் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வர என்னால் ஆகாது. ஞாயிறு ராத்திரி அது தானாகப் போகட்டும். அதுவாவது சொல்லிவிட்டுப் போகிறதே. இதைத் தயவு செய்து அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என்னை மறுபடி கூப்பிட வேண்டாம். இதில் மாற்றம் இல்லை.

இங்கே இந்த வருஷம் வூட்டில் பொங்கல் வைக்கப் போவதில்லை. மாடியில் துணி காயப்போட்டால் எண்ணூர்ப் பக்கத்துக் கரி வந்து படிகிறது, மறுபடி துவைக்கிறேன், பொழுது போகிறது. அத்தைக்கு என் வணக்கம், முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கச் சொல்லவும். அக்காவுக்கு மரியாதை, பாப்பாவுக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
பாரி

பின்குறிப்பு: மச்சான், நேத்து, சனிக்கிழமை, இந்தக் கடுதாசிய போடலாம்னு போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். பொங்கல் லீவு, பூட்டிக் கெடந்துது. படியில குந்திக்கினு, எப்படியும் போகப் போகுது, கடைசியா ஒரு தபா வெலையாவது பாப்போமேன்னு போர்ட் பிளேர் போட்டுப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை காலை ஃப்ளைட்டு. வெலையப் பாத்து போன் கெட்டுப் போச்சோன்னு அணைச்சி அணைச்சிப் பாத்தேன். அந்தத் துட்டுக்கு நீங்க அங்க இஞ்சின் வெச்ச போட்டே வாங்கலாம். கீழ பாயிண்ட் ரேட்டு, அதே பழைய ரேட்டு, ஒண்ணுகூட ஏறல. இத்தினி வருஷம் அவ பாத்துக்கினு இருந்த வெலை இதான் மச்சான். இதவிட ஏறாது. இத்த உட்டா அவ என்ன மனுஷனாவே மதிக்க மாட்டா. வெலையப் பாத்துக்கினு இருக்கும்போதே கை அமுக்கிடுச்சி. 'வாழ்த்துகள் ரமாபாய், இனிய பயணம்'னு வந்துது.

சீட்டுல குந்திக்கினுதான் இத எழுதறேன். கடுதாசிய நானே கையில குடுக்கறேன், படிச்சிட்டு மேல எழுதினத எல்லாம் அடிச்சிடுங்க. அண்ணாச்சி அத்தைக்கு நெத்திலிக் கருவாடு குடுத்து அனுப்பிச்சாரு. கடலுக்கு நடுவுல கீறவங்களுக்குக் கருவாடு எதுக்குன்னு கேட்டா, "வெறுங்கையோடயா வே போவ?"ன்றாரு. மேல வெச்சிருக்கேன், வாடை கீழ எறங்குது, யாரும் ஒண்ணும் சொல்லல. பெல்ட்டு மாட்டத் தெரியல, பக்கத்து சீட்டு அம்மாதான் மாட்டி உட்டாங்க. வண்டி ஓட ஆரம்பிச்சிடுச்சி. எனுக்கு இப்பதான் அழுவ வருது மச்சான், நிக்கவே மாட்டேங்குது. பயந்துட்டேன்னு நெனச்சி அந்தம்மா கையப் புடிச்சிக்கினு, "ஒண்ணும் ஆவாது தம்பி, மொத தபா அப்படித்தான்"ன்றாங்க. ஆமான்னு தலையாட்டினேன். ஏர்ஹோஸ்டஸ் வந்து ரெண்டாவது வாட்டி சொல்லிட்டுப் போறாங்க. ரமாவோட போனை அணைச்சிட்டேன்.